இரண்டாம் பந்தியில் வந்த தொக்கு: ஒரு கிறிஸ்துமஸ் விருந்தும் கஞ்சா நெய்யும்

ராமேஸ்வரம் தீவில் ஒரு மீனவக் கிராமம். கிறிஸ்துமஸ் அன்று மாலை ஐந்து மணிவாக்கில் ஒரே வீட்டைச் சேர்ந்த நான்கு பேரை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். 69 வயது அப்பத்தா, அவருடைய 51 வயது மூத்த மகன், 46 வயது மருமகள், இளைய மகன் வழிப் பேரனான 5 வயதுப் பையன். நால்வரும் மதியம் ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: "மீனு சேரல டாக்டர்."

குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி வயது, உறவு, ஊர் விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் அப்படியே இருக்கின்றன.

வந்தபோது இருந்த நிலை

அப்பத்தாவுக்கு நாடி 118. படுத்திருக்கையில் ரத்த அழுத்தம் 138/84. எழுந்து நிற்கச் சொன்னதும் 96/60-க்கு இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலும் இப்படித்தான் அடுப்படி வாசலில் சரிந்திருக்கிறார். நல்லவேளை, இடுப்பில் அடி இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுப்பவர். சர்க்கரை 142. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிற அளவுக்கு வாய் வறண்டிருந்தது.

மருமகளின் நாடி 126. "நான் செத்துருவேன், பிள்ளைகளப் பாத்துக்கங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மணி என்ன என்று கேட்பார். சொன்னால், அரை நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பார். தான் வந்து ஒரு ராத்திரி கழிந்துவிட்டது என்றே நினைத்தார். வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூத்த மகன் ஆட்டோவிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார், உள்ளே வந்ததும் வாந்தி எடுத்தார். நடக்கச் சொன்னால் கால் பின்னியது. பண்டிகை மாலையில் யார் தள்ளாடிக்கொண்டு வந்தாலும் முதலில் வாயை முகர்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம். சாராய வாடை துளியும் இல்லை. மூன்று பெரியவர்களுக்கும் கண் செக்கச் சிவந்திருந்தது.

சிறுவன்தான் கவலை தந்தான். எடை 16 கிலோ. தோளில் போட்டுத் தூக்கி வந்தபோது கையும் காலும் துணிபோலத் தொங்கின. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. அழுத்திக் கிள்ளினால் முனகிக் கையை இழுத்துக்கொண்டான். நாடி 132, மூச்சு நிமிடத்துக்கு 16, ஆக்சிஜன் அளவு 95. காய்ச்சல் இல்லை, சர்க்கரை 96, தலையில் அடிபட்ட தடயமும் இல்லை. சட்டையின் முன்பக்கம் முழுக்க எலுமிச்சைச் சாறு. மயக்கம் தெளியட்டும் என்று யாரோ வாயில் ஊற்றியிருக்கிறார்கள்.

மீன் அல்ல

இந்தக் கரையில் ஒரு வீடே சாப்பிட்டுவிட்டு விழுந்தால் மீனைச் சந்தேகிப்பதில் தப்பே இல்லை. ஆனால் மீனால் வரும் ஒவ்வொரு நச்சுக்கும் தனித்தனி முகம் உண்டு.

சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். அப்படிப்பட்ட மீனைத் தின்றவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து கொதிக்கும், உடம்பில் தடிப்பு வரும், தலை இடிக்கும். நாடி வேகமாக ஓடுவதும் உண்டு. இங்கே நாடி வேகம் பொருந்தியது, மற்றவை இல்லை. ஒருவருக்கும் தடிப்போ முகச் சிவப்போ கிடையாது. பேத்தை மீன் நச்சு என்றால் முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு தசைகள் செயலிழக்கும், ஆனால் ஆள் நினைவோடுதான் இருப்பார். இவர்களில் பெரியவர்களுக்குக் கை கால் பலம் நன்றாகவே இருந்தது, குழம்பியது புத்தி. பாறைகளில் மேயும் பெரிய மீன்களால் வரும் சிகுவாட்டெரா நச்சில் வாந்தி பேதியோடு கை கால் ஊரலெடுக்கும், குளிர்ந்தது சுடுவதாகத் தோன்றும், நாடி பெரும்பாலும் மந்தமாகும். இங்கே நேர்மாறு.

மீன் போகட்டும், காய்கறி? கத்தரிக்காய்க்கு மருந்தடிப்பது எவ்வளவு என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பூச்சிமருந்து நச்சில் எச்சில் வழியும், வேர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும். இவர்களுக்கு வாய் வறட்சி, கண்மணி நடுத்தர அளவு, வெளிச்சம் பட்டால் சுருங்கியது.

கடைசியாக நின்றது ஊமத்தை. வாய் வறட்சி, வேகமான நாடி, குழப்பம் மூன்றும் ஊமத்தைக்கும் உண்டு. ஆனால் ஊமத்தை விதை உள்ளே போனால் கண்மணி அகலமாக விரிந்து வெளிச்சத்துக்கு அசையாது, தோல் காய்ந்து சுடும், குடல் சத்தம் அடங்கும், சிறுநீர் கட்டும். மூத்த மகன் வந்த உடனேயே சிறுநீர் கழித்துவிட்டு வந்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வயிறு உருளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

சிவந்த கண், வறண்ட வாய், வேகமான நாடி, நின்றால் இறங்கும் ரத்த அழுத்தம், நீண்டுகொண்டே போகும் நேரம், காரணமற்ற சாவு பயம், தள்ளாட்டம். இவை அத்தனையும் சேர்ந்து காட்டுகிற பொருள் எது என்று எந்தப் புத்தகமும் சொல்லும். இந்த வயதில் இந்த உறவுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சா குடித்திருப்பார்கள் என்று மட்டும் மனசு ஒப்பவில்லை. குடிக்கவில்லை, தின்றிருக்கிறார்கள்.

யார் எதைச் சாப்பிட்டார்கள்

மெனு பெரிது. ஆட்டுக்கறி பிரியாணி, பாறை மீன் குழம்பு, நண்டு மசாலா, தயிர் வெங்காயம், வெஞ்சனமாகக் கத்தரிக்காய் தொக்கு. இரண்டு பந்தி நடந்திருக்கிறது. ஒரு மணிக்கு உட்கார்ந்த முதல் பந்தியில் விருந்தாளிகளும் கல்லூரியில் படிக்கும் பேத்தியும். இரண்டு மணிக்கு உட்கார்ந்த இரண்டாம் பந்தியில் வீட்டு ஆட்கள். முதல் பந்தியில் சாப்பிட்ட ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. அதே பானை மீன், அதே நண்டு.

இரண்டாம் பந்தியில் ஐந்து பேர். நால்வர் எங்கள் கட்டிலில். ஐந்தாமவரான தாத்தா, 74 வயது, வராந்தாவில் துண்டை உதறி உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அவர் மீனை ஒரு கை பார்த்தவர். கத்தரிக்காயை மட்டும் தொடமாட்டார், பல வருஷமாக அரிப்பு. சிறுவனோ முள்ளுக்குப் பயந்து மீனையே தொடாதவன்; அவனுக்கு அப்பத்தா சோற்றில் தொக்கைப் பிசைந்து ஊட்டியிருக்கிறார். மீனை வயிறு முட்டத் தின்றவர் தெம்பாக உட்கார்ந்திருக்க, மீனே தொடாத குழந்தை நினைவில்லாமல் கிடந்தான். இதற்குமேல் மீனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வாசலில் எச்சில் இலையை நக்கிய நாயும் தள்ளாடுகிறது என்று கூட வந்த பையன் ஒருவன் சொன்னான். நாய்களுக்குக் கஞ்சா மனிதரைவிட மோசமாகவே பிடிக்கும். நடை தடுமாறும், நின்ற இடத்தில் சிறுநீர் சொட்டும். ஆனாலும் அந்த நாய் எல்லா இலையையும் நக்கியிருக்கும், மீன் முள் உட்பட. மீனையும் தொக்கையும் பிரித்துக் காட்ட அது உதவாது. தாத்தாவின் அரிப்பு உதவியது.

"தொக்குல இன்னைக்குப் புதுசா என்ன போட்டீங்க?" என்று கேட்டேன். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேத்திதான் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணன் பெங்களூர்ல இருந்து ஒரு பாட்டில் நெய் கொண்டாந்துச்சு."

அந்த அண்ணன், 25 வயது, மூத்த மகனின் பையன், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வர மறுத்தான். "போலீஸ் விஷயத்த அப்புறம் பாத்துக்கலாம்பா. உன் தம்பிக்கு மூச்சு கொறையுது. எதுல என்ன கலந்திருக்குனு மட்டும் சொல்லு" என்றதும் தலையைக் குனிந்துகொண்டு, "நெய்யில கஞ்சா, டாக்டர்" என்றான். அப்போது மணி ஆறைத் தாண்டிவிட்டது. வீட்டில் முதல் ஆள் விழுந்து இரண்டரை மணி நேரம்.

அவனைத் திட்டுவது சுலபம். ஆனால் இந்தக் கரையில் கஞ்சா என்றால் ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. ஆந்திரா, ஒடிசா எல்லை மலைப் பக்கத்திலிருந்து வரும் மூட்டைகள், இரவில் இலங்கைக்குக் கிளம்பும் படகு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் சோதனை, விசாரணைக்குப் போய்த் திரும்பாத பக்கத்து வீட்டுப் பிள்ளை. இந்தச் சொல்லை ஒரு வீட்டோடு சேர்த்துச் சொன்னால் படகு, லைசென்ஸ், கல்யாணப் பேச்சு எல்லாம் சேர்ந்து நாறும். சமையல்கட்டில் அது இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை, இருந்தால் சொல்வதுமில்லை. சொல்லாமல் இருப்பதற்கான காரணம் எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எப்படிக் கலந்தது

அவன் வேண்டுமென்று வீட்டாருக்குக் கொடுக்கவில்லை. அவனுக்கும் இரண்டு கூட்டாளிகளுக்கும் மொட்டை மாடியில் சாப்பிட ஒரு தனி வெஞ்சனம் வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அம்மா செய்து வைத்த தொக்கிலிருந்து ஒரு சின்ன ஏனத்தில் கொஞ்சம் எடுத்து, தன் பாட்டில் நெய்யில் பாதியை ஊற்றி மறுபடி வதக்கினான். ஊரிலிருந்து வந்த பிள்ளை அடுப்படியில் நிற்கிறானே என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. மூவரும் அதில் ஆளுக்கு இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். மீதியை ஏனத்தோடு மேடையில் மூடி வைத்திருந்தான்.

முதல் பந்தி முடிந்ததும் பெரிய சட்டியில் தொக்கு அடிதட்டியது. அம்மா ஏனத்தைத் திறந்து பார்த்தார், நெய் மணக்க மணக்க இருந்தது, அப்படியே சட்டியில் கவிழ்த்துவிட்டார்.

கத்தரிக்காய் தொக்கைத் தேர்ந்தெடுத்ததில் அவனுக்கு ஒரு சாமர்த்தியம் இருந்திருக்கிறது. கஞ்சாவின் பச்சை நெடியையும் கசப்பையும் புளியும் வரமிளகாயும் பூண்டும் சேர்ந்து அமுக்கிவிடும். எண்ணெயும் நெய்யும் எவ்வளவு மிதந்தாலும் தொக்கில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தொக்கின் இந்தக் குணம்தான் இரண்டாம் பந்தியில் வினையானது. ஆறிய தொக்கில் நெய் பிரிந்து மேலே நிற்கும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாதது. எனவே போதையும் நெய்யோடு மேலேதான் நிற்கும். அம்மா பெரிதாகக் கிளறவில்லை. முதல் கரண்டி யாருக்குப் போனதோ அவருக்கு மேல் நெய், கடைசிக் கரண்டிக்காரருக்கு வெறும் கத்தரிக்காய். அப்பத்தா பேரனுக்குச் சோறு பிசையும்போது, காரமான துண்டங்களை ஒதுக்கிவிட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் நெய்யை மட்டும் வழித்து எடுத்து ஊற்றியிருக்கிறார். பிள்ளைக்கு நெய் நல்லதாயிற்றே.

எவ்வளவு உள்ளே போயிருக்கும்? பாட்டிலில் போட்டது பத்து கிராம் அளவுக்கு இருக்கும் என்றான். தெருவில் வாங்கும் கஞ்சாவில் டி.எச்.சி. எவ்வளவு என்று வாங்கியவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. நூற்றுக்கு 5 என்று வைத்தால் பத்து கிராமில் 500 மில்லிகிராம். 15 என்றால் 1,500. காய்ச்சுவதில் பாதி வீணாகி, நெய்யில் பாதியை ஊற்றினான் என்று கொண்டால் அந்தச் சின்ன ஏனத்தில் 125 முதல் 375 மில்லிகிராம் வரை. இது வெறும் மனக்கணக்கு, அளந்து பார்த்ததல்ல. ஆனால் ஒன்றை ஒப்பிடலாம். அமெரிக்காவில் கஞ்சா உணவை அனுமதித்த கலிபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் ஒருவேளைப் பங்கு என்று சட்டம் வைத்திருப்பது 10 மில்லிகிராம். பழக்கமில்லாதவர்கள் அதிலும் பாதி, கால்வாசியில் தொடங்க வேண்டும் என்று அங்கேயே சொல்கிறார்கள். குழந்தைகளில் உடல் எடை கிலோவுக்கு 1.7 மில்லிகிராமுக்கு மேல் போனால் கடுமையான, நீடித்த பாதிப்பு வரும் என்று 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணித்தது. 16 கிலோ பையனுக்கு அது 27 மில்லிகிராம். மேல் நெய் வழித்த ஒரு கரண்டியில் அடங்கிவிடும்.

புகையும் சோறும் ஒன்றல்ல

பையன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாதம்: "நான் அப்பப்ப குடிச்சிருக்கேன் டாக்டர், இப்படி ஆனதில்லையே." குடித்ததை வைத்துத் தின்பதை எடைபோட்டதுதான் இங்கே நடந்த கோளாறு.

புகையாக உள்ளே போனால் நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். கால் மணி, அரை மணியில் உச்சம் தொட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். அதனால் குடிப்பவர் போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ள முடிகிறது. தின்றால் குடல், பிறகு ஈரல். ஈரல் டி.எச்.சி.யை 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அது மூளைக்குள் சுலபமாக நுழையும், வீரியமும் குறைந்ததல்ல. வாய்வழி போனதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரத்தத்தில் சேருகிறது என்றாலும், மாற்றுருவத்தின் வேலையும் கூடச் சேர்கிறது. தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும். உச்சம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில். முழுதாக இறங்க எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும். பிரியாணி, ஆட்டுக்கறிக் கொழுப்பு, நெய் எல்லாம் சேர்ந்த வயிற்றில் உறிஞ்சுவது தாமதமாகும், உறிஞ்சும் அளவோ கூடும்.

இந்தத் தாமதத்தின் விலை மூத்த மகனுடைய தட்டில் தெரிந்தது. இரண்டே கால் மணிக்கு, "தொக்கு இன்னைக்குப் பிரமாதம்" என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அப்போது முதல் முறை தின்றது வேலையைத் தொடங்கவே இல்லை. மாடியில் இருந்த மூவரும் அதே கதைதான். முக்கால் மணி நேரம் பார்த்து, சரக்கு சரியில்லை என்று முடிவுகட்டி, இன்னும் கொஞ்சம் எடுக்கக் கீழே வந்தபோது ஏனம் காலியாக இருந்தது. அவர்கள் தப்பியது அதனால்தான்.

செடியாக, பச்சையாக இருக்கும்போது அதில் பெரும்பகுதி டி.எச்.சி. அமிலமாகவே இருக்கிறது, அதற்குப் போதை கிடையாது. சூடு பட்டால்தான் அமிலம் உதிர்ந்து டி.எச்.சி. ஆகும். ஆகவே எவ்வளவு நேரம், எவ்வளவு தீயில், எந்தப் பாத்திரத்தில் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் வீரியம் வேறாக வரும். வீட்டு அடுப்பில் இதைக் கட்டுப்படுத்த முடியும் என்று நம்புகிறவரிடம் உப்புமாவில் உப்பு ஒரே மாதிரி வருகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். சித்த மருத்துவத்தில் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு. ஆனால் மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் பட்டியலில் அதையும் சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே என்று எச்சரிக்கை அச்சிடச் சொல்லியிருக்கிறார்கள். இயற்கைதானே என்று சொல்பவர்கள் ஊமத்தையும் இயற்கைதான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சை

கஞ்சாவுக்கு மாற்று மருந்து கிடையாது. உடம்பு தானாக இறக்கும்வரை ஆளைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் சிகிச்சை. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பது நோயாளியைப் பார்ப்பதைவிடச் சிரமம். "வயித்தக் கழுவி விடுங்க டாக்டர்" என்று ஒரு பெரியவர் வாசலில் நின்று சண்டையே போட்டார். தின்று மூன்று மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது, வயிற்றில் கழுவ அதிகம் மிச்சமில்லை. அரைமயக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் குழாய் போட்டால் வாந்தி நுரையீரலில் இறங்கும் ஆபத்து நிஜமானது. அதே காரணத்தால்தான் எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர் என்று போதை இறங்க ஊற்றும் எதையும் நினைவு தப்பியவர் வாயில் விடக் கூடாது. அந்தச் சாறு பெரும்பாலும் சட்டையில் போனது பையனின் அதிர்ஷ்டம்.

அப்பத்தாவைப் படுக்கவைத்தே வைத்திருந்தோம். சலைன் ஏற்றினோம், இரவு அம்லோடிபின் நிறுத்தப்பட்டது. வயதானவருக்கு இவ்வளவு நாடி வேகத்தில் மாரடைப்புப் பயம் உண்டு என்பதால் ஈ.சி.ஜி. எடுத்தோம், சில மணி நேரம் கழித்து மறுபடியும். இரண்டிலும் வேகத்தைத் தவிர வேறு மாற்றமில்லை. மருமகளை வெளிச்சம் குறைந்த அறைக்கு மாற்றி, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு மில்லிகிராம் லோராசெபாம் கொடுத்தோம். மாத்திரையைவிட மகளின் குரல் அதிகம் வேலை செய்தது என்று நினைக்கிறேன். "இது தொக்குல கலந்ததாலதான்மா, காலையில சரியாயிரும்" என்று காரணத்தைச் சொன்னபிறகுதான் சாவு பயம் இறங்கத் தொடங்கியது. மூத்த மகனுக்கு வாந்திக்கு ஊசி, அப்புறம் தூக்கம்.

சிறுவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்து, 108 வண்டியில் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கு அனுப்பினோம். குழந்தைகளுக்கு இந்த நச்சில் மூச்சு அடங்குவதும் வலிப்பும் வரலாம். செயற்கை சுவாசம் கொடுக்கும் வசதி பக்கத்தில் இருக்க வேண்டும். கடிதத்தில் முதல் வரியே "கஞ்சா கலந்த உணவு, மதியம் 2 மணி" என்று எழுதினேன். அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால், காரணமின்றி நினைவிழந்த 5 வயதுக் குழந்தைக்குத் தலையில் ஸ்கேன், மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் முதுகுத்தண்டில் ஊசி, வைரஸ் மருந்து என்று அந்த இரவு முழுக்க ஓடியிருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. நானே அங்கிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பையன் கேட்டில் நின்றபடி சொன்ன மூன்று சொற்கள் தம்பியை அத்தனையிலிருந்தும் காப்பாற்றின.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுக்கக் கண்காணித்தார்கள். செயற்கை சுவாசம் தேவைப்படவில்லை. மறுநாள் விடிகாலையில் கண் விழித்து அம்மாவைத் தேடினான். மதியம்வரை நடை கொஞ்சம் தள்ளாடியது, மாலைக்குள் சரியானது. குழந்தைகளுக்கு ஒன்றரை நாள்வரைகூட மயக்கம் நீடித்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் அன்றிரவே பாசிட்டிவ். அப்பத்தாவுக்கு முதலில் நெகட்டிவ், காலையில் பாசிட்டிவ். இது ஆச்சரியமில்லை. பட்டை தேடுவது ஈரல் உடைத்துச் சிறுநீரில் தள்ளும் கழிவுப் பொருளை. அது வந்து சேர நேரமாகும். முதல் சில மணி நேரத்தில் நெகட்டிவ் என்று வந்தால் கஞ்சா இல்லை என்று அர்த்தமில்லை. நேர்மாறாக, பாசிட்டிவ் என்றால் அந்த வேளையில்தான் தின்றார் என்றும் அர்த்தமில்லை. தினமும் பழகியவருக்கு வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

சட்டம்

நச்சு நிகழ்வு என்பதால் மருத்துவ-சட்ட வழக்காகப் பதிவு செய்து காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தோம். பையனிடம் இதை மறைக்கவில்லை. முதலில் தம்பி, அப்புறம் போலீஸ் என்று வரிசையைத்தான் சொல்லியிருந்தேன், போலீஸே வராது என்று சொல்லவில்லை.

வடக்கே கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கைக் கடை வைத்து விற்கிறார்களே என்பது அவனுடைய இன்னொரு வாதம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனி; நுனி சேராத இலையையும் விதையையும் அந்த வரையறை விட்டுவிட்டது. பாங் அந்த இடுக்கில் நிற்கிறது, மாநில அரசுகளின் கட்டுப்பாட்டில். இவன் நெய்யில் போட்டது பூ. கஞ்சா கலந்த கலவையும் சட்டத்தில் கஞ்சாவோடு சேர்ந்ததுதான். போதாக்குறைக்கு, ஹீரா சிங் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், கலவையில் கலந்த மற்ற பொருளின் எடையையும் சேர்த்தே அளவைக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதாவது பத்து கிராம் கஞ்சா அரை பாட்டில் நெய்யில் இருந்தால் எடைபோடுவது நெய்யையும் சேர்த்து. ஒரு கிலோவரை சிறிய அளவு என்பதால் இவன் அதற்குள்தான் வந்தான்: ஓராண்டுவரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே அடுத்தவர் சாப்பாட்டில் போதையைக் கலந்து குற்றம் செய்ய முயன்றிருந்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவில் பத்தாண்டுவரை போகும். நடந்தது என்ன என்பதை விசாரணை அதிகாரியிடம் அம்மா சொன்னதும் மகன் சொன்னதும் ஒத்திருந்தன.

பிறகு

மூன்று பெரியவர்களும் மறுநாள் வீடு திரும்பினார்கள். அப்பத்தாவின் ரத்த அழுத்த மாத்திரையை நின்று பார்த்து அளந்தபிறகே மறுபடி தொடங்கினோம். ஒரு வாரம் கழித்து வந்தபோது அவருக்குத் தலைசுற்றல் இல்லை. பேரனுக்குத் தன் கையால் ஊட்டியதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார். மருமகளுக்கு இரவில் படபடப்பு வந்து வந்து போகிறது என்றார், மனநல ஆலோசனைக்கு அனுப்பியிருக்கிறோம். பையனுக்கும் அதே இடத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் அதில் எழுதினேன். வாங்கிக்கொண்டான்.

பாட்டிலில் மீதி இருந்த பாதி நெய், லேபிள் எதுவும் இல்லாமல், அந்த வீட்டு ஃபிரிட்ஜில் அன்றிரவு முழுக்க இருந்திருக்கிறது. மறுநாள் காலை சிறுவனின் அம்மா ஆஸ்பத்திரிக்கு இட்லி எடுத்துவரப் போனபோது பொடிக்கு நெய் தேடி அதைக் கையில் எடுத்துவிட்டு, சந்தேகம் வந்து எனக்கு போன் செய்தார். தொடாமல் மூடித் தனியாக வைக்கச் சொன்னேன். மதியம் காவலர்கள் வந்து சீல் வைத்து எடுத்துப் போனார்கள்.